வண்ணார்பண்ணையில் எழுந்த அச்சியந்திரசாலை

நூலை எழுதுகின்ற ஆசிரியரையும் அதனைப் படிக்கின்ற மக்களையும் யாவரும் அறிவர். இவ்விருவருக்கும் இடையே நின்று ஈய எழுத்துக்களைக் கோத்து, பிழை திருத்தி, தாளில் அச்சிட்டு, கட்டி, விலை குறித்து, ஊர்தோறும் அனுப்புகின்ற பதிப்பாளரையோ பலரும் நினைப்பதில்லை. பெரும் பொருள் படைத்த நிறுவனங்களுக்கு இத்தொழில் எளிதாயிருக்கலாம். கையிற் சிறிதளவே முதல் உள்ள ஒருவர், அரசாங்கத்தின் துணையும் வணிகரின் துணையும் இன்றி ஓர் அச்சுக்கூடத்தை நிறுவி, அதனைத் தமக்குப் பின்னும் நிலைக்கச் செய்தல் எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தருவது, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் நிறுவிய வித்தியாநுபாலன யந்திரசாலையின் வரலாறாகும்.

ஈழத்துத் தமிழர் நடுவே அச்சுத்தொழில் தடையின்றி வந்து சேரவில்லை. 1820ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஜேம்ஸ் கரெட் என்னும் அச்சுத்தொழிலாளர் யாழ்ப்பாணம் வந்தார். அப்பொழுது ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வேர்ட் பார்ன்ஸ் அவர் இங்கே தங்குவதற்கு அனுமதி மறுத்து, தீவை விட்டு நீங்குமாறு பணித்தார். கரெட் பம்பாய்க்குச் சென்று அங்கே அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்தினார். ஓர் அச்சுத்தொழிலாளரின் வரவைக்கூட ஆட்சியாளர் அஞ்சிய காலம் அது. பின்னர் நிலைமை தளர்ந்தது. 1834இல் மானிப்பாயில் அமெரிக்க மிஷனின் அச்சுக்கூடம் மைனர் என்பாரின் பொறுப்பில் வேலை தொடங்கிற்று. 1841இல் உதயதாரகைப் பத்திரிகையும் 1842இல் மானிப்பாய் அகராதியும் வெளிவந்தன. அண்டை நாடாகிய இந்தியாவிலும் 1835இல் மெட்காஃப் காலத்துச் சட்டம் வந்த பின்னரே, சுதேசிகள் அச்சகம் வைத்து நடத்துவது பெருகலாயிற்று.

ஆகவே 1840ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் அச்சுப் புத்தகம் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் மிஷனரிமாரின் கையிலேயே இருந்தது. இதனை நன்கு உணர்ந்தவர் நாவலர். 1822ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி நல்லூரிற் பிறந்த அவர், பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பைபிளைத் தமிழில் மொழிபெயர்க்கும் பணியிலும் பாதிரியாருக்குத் துணைபுரிந்தார். ஒரு நூலை ஒரே சீரான நடையில் அமைத்து அச்சுக்குக் கொடுத்தல் எத்துணை உழைப்பை வேண்டுவது என்பதை அவர் அங்கேதான் நேரிற் கண்டார் எனலாம். 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். அடுத்த ஆண்டிலே பேர்சிவலின் பாடசாலையை விட்டு நீங்கி, சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அப்பாடசாலைக்கு அரசாங்க நன்கொடை இல்லை. வீடுகளில் உலையில் அரிசி இடும்பொழுது ஒரு பிடி எடுத்து வைத்து உதவும் பிடியரிசி முறையும் அதன் செலவுக்குத் துணையாயிற்று.

பாடசாலை எழுந்தது, மாணாக்கரும் வந்தனர். கற்பிப்பதற்கு ஏற்ற புத்தகம் எங்கே? ஏட்டுச் சுவடி ஒன்றைப் பார்த்துப் பிரதி செய்வதற்கு எழுத்தாணியும் பல நாள்களும் வேண்டும். ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு ஐம்பது ஏடுகள் தேடுவது இயலாத காரியம். இத்தேவையே அச்சியந்திரசாலைக்கு வித்திட்டது. இயந்திரம் முதலில் வந்து, அதற்கு வேலை தேடப்பட்டதன்று. படிப்பவர் முதலில் வந்து, அவருக்காக இயந்திரம் தேடப்பட்டது. சிறிய பதிப்பகம் நடத்த விரும்புவோர் கருத்திற் கொள்ளவேண்டிய முதற் செய்தி இதுவே.

1849ஆம் ஆண்டு நாவலர் தம் மாணாக்கராகிய சதாசிவபிள்ளையை உடன்கொண்டு கடல் கடந்து சென்னபட்டணம் புறப்பட்டார். இடையிலே திருவாவடுதுறை ஆதீனத்திற் பிரசங்கம் செய்து, அங்கே நாவலர் என்னும் பட்டம் பெற்றார். சென்னையை அடைந்ததும் சூடாமணி நிகண்டின் உரைநூலையும் சௌந்தரியலகரி உரையையும் அங்கேயே அச்சிடுவித்தார். பின்னர் ஓர் அச்சியந்திரத்துடன் யாழ்ப்பாணம் மீண்டார். வண்ணார்பண்ணையில் அவ்வியந்திரம் நிறுவப்பட்ட இடத்துக்கு வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயர் வைத்தார். வித்தியா என்பது கல்வி. அநுபாலனம் என்பது பேணிக் காத்தல். இலாபத்தையன்று, கல்வியைக் காப்பதையே அப்பெயர் குறித்தது.

அக்காலத்து அச்சுவேலை எத்தகையது என்பதை இன்றைய இளைஞர் எளிதில் உணரமாட்டார். தமிழ் எழுத்துக்கள் பலவாதலின், ஒவ்வொன்றுக்கும் ஈயத்தில் வார்த்த அச்சுக்களைத் தனித்தனி அறைகளில் இட்டு வைத்தல் வேண்டும். அச்சுக்கோப்பவர் அவற்றை ஒன்றொன்றாய் எடுத்து, இடவலம் மாறிய உருவிலே வரிசைப்படுத்துவர். ஒரு பகுதி அச்சாகி முடிந்ததும் அவ்வெழுத்துக்களைப் பிரித்து அறைகளில் மீளப் போட்டால்தான் அடுத்த பகுதியைக் கோக்கலாம். எழுத்துக்களின் தொகை குறைந்த சிறிய அச்சகத்திலே ஒரு நூல் முழுவதையும் ஒருங்கே கோத்து வைத்தல் இயலாது. காகிதம் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. அதற்குரிய பணமோ, புத்தகம் விலைப்படுமுன்னரே கொடுக்கவேண்டிய பணம்.

இவற்றினும் கடினமானது ஏட்டைப் புத்தகமாக்கும் வேலை. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் எழுதப்பட்டிருக்கும். காலும் ரகரமும் வேறுபாடின்றித் தோன்றும். ஓரிடத்திலே கரம் என்பதா காம் என்பதா என்று படிப்பவரே பொருள் நோக்கித் தெளியவேண்டும். ஏட்டிலே அம்மயக்கம் கிடக்கலாம். அச்சிலே ஒன்றைத் துணிந்தே ஆகவேண்டும். துணிந்தது பிழையாயின் அப்பிழை அத்தனை பிரதிகளிலும் ஏறிவிடும். ஆதலின் நாவலர் பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கி, இலக்கண வரம்பு பிறழாது பாடத்தைத் தெளிந்து, அச்சுத்தாளைத் தாமே திருத்தினார். கடினமான சந்திகளைப் பிரித்தும், காற்புள்ளி முதலிய குறியீடுகளை இட்டும் வசனத்தைப் படிப்பதற்கு எளிதாக்கினார். நாவலர் பதிப்பு என்றாலே பிழையற்ற பதிப்பு என்று மக்கள் நம்பத் தொடங்கினர். பணமுதல் குறைந்த யந்திரசாலைக்கு இந்நம்பிக்கையே பெருமுதலாயிற்று.

அவர் எந்நூல்களை வெளியிட்டார் என்பதும் ஆராயத்தக்கது. 1850இல் முதற் பாலபாடமும் 1851இல் இரண்டாம் பாலபாடமும் வந்தன. 1851இலேயே நன்னூல் விருத்தியுரையும், 1852இல் பெரியபுராண வசனமும், 1854இல் சைவதூஷண பரிகாரமும் வெளிவந்தன. பாலபாடம் சிறுவருக்குரியது, ஆண்டுதோறும் புதிய மாணாக்கர் வருதலின் ஆண்டுதோறும் வேண்டப்படுவது. பெரியபுராண வசனம் செய்யுளைக் கற்றிராத இல்லத்தாருக்கும் உரியது. நன்னூல் உரை புலவருக்குரியது. விற்பனை மெதுவாக நடப்பினும் மதிப்பைத் தருவது. வேகமாக விலைப்படும் சிறுநூல்கள் மெதுவாக விலைப்படும் பெருநூல்களுக்குத் துணைநிற்கும் என்பது இன்றும் பதிப்புத்தொழிலில் உண்மையே. இந்நூல்வரிசையிலும் அத்தகைய பொருத்தம் காணப்படுகின்றது.

எனினும் யாழ்ப்பாணம் சிறியதொரு நாடு. படிப்பவர் தொகைக்கு அங்கே எல்லையுண்டு. ஏட்டுச் சுவடிகள் மிகுந்த ஆதீனங்களும், நூல் வாங்குவோர் பெருந்திரளும் அக்கரையிலேயே இருந்தன. இதனை அறிந்த நாவலர், 1860ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அப்பெயரால் ஓர் அச்சகத்தை நடத்தலானார். இராமநாதபுரத்துப் பொன்னுச்சாமித் தேவர் பொருளுதவி செய்ய, திருக்குறள் பரிமேலழகருரை, திருக்கோவையார் உரை முதலிய பெருநூல்கள் வெளிப்பட்டன. புரவலர் பொருள் தந்தார். பாடத்தைத் தெளியும் உரிமையோ பதிப்பாசிரியரிடமே இருந்தது. உதவி பெற்றும் தன்னுரிமை இழவாமைக்கு இது நல்ல சான்றாகும்.

1879இல் நாவலர் மறைந்தார். தனியொருவர் தோளிலே நின்ற பணிகள் அவரோடு முடிந்துவிடுதல் உலக வழக்கம். யந்திரசாலை அவ்வாறு முடியவில்லை. இயந்திரம் வாங்கிய நாள் தொட்டு உடனிருந்து தொழில் பயின்ற சதாசிவபிள்ளை பொறுப்பை ஏற்றுக்கொண்டார். தங்கசாலைத் தெருவிலிருந்து நாவலர் பதிப்புக்கள் இருபதாம் நூற்றாண்டிலும் மீண்டும் மீண்டும் அச்சாகி வந்தன. மாணாக்கரைத் தொழிலுக்கும் உரியவராகப் பழக்கி வைத்ததன் பயன் இது.

வேறொரு வழியிற் சென்றவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. 1868இல் நாவலர் பரிசோதித்துக் கொடுத்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையை அவர் வெளியிட்டார். பின்னர் 1881இல் வீரசோழியம், 1887இல் கலித்தொகை முதலியவற்றைத் தாமே தேடிப் பதிப்பித்தார். செல்லும் புழுவும் அரித்து அழிந்துகொண்டிருந்த ஏடுகளை, அழியுமுன் அச்சேற்றிவிடவேண்டும் என்னும் பதைப்பே அவரை இயக்கிற்று.

இப்பதைப்பு வன்னி நாட்டாருக்குப் புதிதன்று. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் அடங்கிய இப்பெருநிலம் ஏட்டிலும் வாய்மொழியிலும் வளமுடையது. வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயிலோடு இயைந்த சிலம்பு கூறல், அருவி வெட்டும் வயலிற் பிறந்த பாடல்கள், குளங்களையும் ஊர்களையும் பற்றிய பழங்கதைகள் என அவற்றை அடுக்கலாம். ஆயினும் வன்னியைப் பற்றி விரிவாக அச்சேறிய பழைய நூல்களுள் ஒன்று, ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய உத்தியோகத்தர் எழுதி 1895இல் கொழும்பில் வெளிவந்த ஆங்கிலக் கையேடாகும். ஒரு நாட்டின் செய்தியைப் பிறர் எழுதிப் பிற ஊரில் அச்சிடுவதிற் குற்றமில்லை. அந்நாட்டார் தாமும் எழுதித் தம் ஊரில் அச்சிடாவிடின், அவர்தம் குரல் கேளாமற் போய்விடும் என்பதே கருதத்தக்கது.

ஒரு பிரதியை மட்டும் நம்பியிருப்பதன் அபாயத்தை நம் காலமே காட்டிவிட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 2009இல் முடிவடைந்த போரின்பொழுது வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தனர். உயிரைக் காப்பதே அரிதான அந்நாள்களிற் பெட்டியிலிருந்த ஏட்டையும் கொப்பியையும் யார் காப்பார்? வண்ணார்பண்ணையில் அச்சான பாலபாடமோ பல ஊர்களிலும் பல நாடுகளிலும் பிரதிகள் பரவியிருந்தமையால் அழியாது நின்றது.

இன்று ஈய எழுத்தும் கையால் இயக்கும் இயந்திரமும் வழக்கொழிந்தன. கணினியில் எழுத்தைக் கோத்துச் சிறு தொகைப் பிரதிகளையும் அச்சிடலாம். வேண்டிய பொருள் குறைந்தது. வேண்டிய கவனமோ குறையவில்லை. வன்னியில் ஒரு சிறிய பதிப்பகத்தை வளர்க்க முற்படுவோர் அயலிலுள்ள பாடசாலைகளையும் நூலகங்களையும் முதலில் நோக்குக. அங்குள்ள பிள்ளைகளுக்கு வேண்டிய சிறுநூல்களை முதலில் வெளியிடுக. முதியோர் நாவில் நிற்பனவற்றைக் கேட்டெழுதி, இருவர் மூவர் ஒப்புநோக்கிய பின்னரே அச்சுக்குக் கொடுக்க. ஒவ்வொரு நூலினும் சில பிரதிகளைத் தூரத்து ஊர்களின் நூலகங்களுக்கு அனுப்பி வைக்க. இளைஞர் ஒருவரையேனும் அருகிருத்தித் தொழிலைப் பழக்குக. நாவலர் ஓர் இயந்திரத்தோடு கடல் கடந்து மீண்டபொழுது அவரிடம் இருந்தவை ஒரு பாடசாலையும், உடன்வந்த ஒரு மாணாக்கரும், பிழை பொறாத ஒரு கண்ணுமே. அவை மூன்றும் வன்னியில் இன்றும் கிடைக்கத்தக்கவையே.