ட்ரைப் தீட்டிய வானம்

அடுத்த கண்காட்சி எங்கே, படம் அனுப்பக் கடைசித் தேதி என்ன என்று என்னிடம் புகைப்படம் கற்க வரும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். விவரத்தைச் சொல்லிவிட்டு, 1855 பிப்ரவரியில் நம் சென்னையில் நடந்த கண்காட்சியைப் பற்றியும் சொல்வேன்.

மூலப்பொருள், கலை, கைத்தொழில் எல்லாவற்றுக்கும் பொதுவாக நடந்தது அது. லின்னேயஸ் ட்ரைப் என்ற கம்பெனிப் படை அதிகாரி, மைசூர்ப் பக்கத்துக் கோயில்களை எடுத்த 68 படங்களை அங்கே வைத்தார். முதல் வகுப்புப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு பர்மாவுக்குப் போன தூதுக்குழுவில் இடம். பிறகு சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் பதவி.

1857 டிசம்பரில் மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை. நெகட்டிவ் என்பது மெழுகேற்றிய காகிதம், 15 அங்குலத்துக்கு 12 அங்குலம். அந்தக் கால ரசாயனம் நீல ஒளியை விழுங்கிவிடும். கல்லும் மரமும் பதிவதற்குள் வானம் நெகட்டிவில் கறுத்துப்போகும். பிரின்ட்டில் வெறும் வெள்ளையாக நிற்கும். ட்ரைப் அந்த நெகட்டிவிலேயே தூரிகையால் வண்ணம் தீற்றி மேகங்களை உண்டாக்கினார். இருட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு, பிரின்ட்டில் விழுந்த ஒரு தூசிப் புள்ளியை மறைக்கவே எவ்வளவு பொறுமை வேண்டும் என்று தெரியும். இவர் வானத்தையே தீட்டியிருக்கிறார்! பதிவுக்காக மட்டும் எடுத்தவர் இந்தப் பாடு படமாட்டார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இன்னும் ஒரு படி மேலே போனார். அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரின்ட்டுகளை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்வெட்டு ஆய்வாளர் ஹூல்ட்ஷ் அந்தக் கல்வெட்டுகளை அச்சேற்றத் தொடங்கியது அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் பிறகு.

1859இல் புது ஆளுநர் ட்ரெவெலியன் வந்தார். புகைப்படத்துக்குச் செலவழிப்பது ஆடம்பரம் என்றார். வேலையை நிறுத்தச் சொன்னார். அவர் வெட்டியது ஒரு செலவுக் கணக்கை மட்டுமல்ல, தென்னாட்டின் மிகச் சிறந்த கண் ஒன்றையும்தான். ட்ரைப் 1902 வரை உயிரோடு இருந்தார். பிற்காலத்தில் அவர் எடுத்த படங்கள் சொற்பம்.

ஆனால் கைப்பழக்கம் இங்கேயே தங்கியது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப்பள்ளியில் படித்த ஐயாசாமி, ட்ரைப்பிடம் உதவியாளராக இருந்தவர். பின்னர் அந்தப் பள்ளியிலேயே புகைப்படம் சொல்லிக் கொடுத்தார். நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றி பிரீக்ஸ் எழுதி 1873இல் வந்த நூலின் படங்களிலும் அவர் கை இருக்கிறது. ட்ரைப்பின் படங்களுக்கு 2014, 2015இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று நகரங்களில் பெரிய கண்காட்சி நடந்தது. ஐயாசாமியின் பெயரோ நம் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. அவர் பெயரில், சென்னையில், இளம் படக்கலைஞர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு நல்கை தரவேண்டும். எந்த மேடை கிடைத்தாலும் இதைக் கேட்கிறேன்.