கண்டதும் கருதியதும்

மாணவ மாணவியரே, வெளியூரிலிருந்து ஓர் ஆசிரியர் சில நாள் பயிற்சி அளிக்க ஒரு பள்ளிக்கு வருகிறார் என்றால், அப்பள்ளியின் தலைமையாசிரியருக்கு உறக்கம் குறைந்துவிடும். வந்தவர் எங்கே தங்குவார், எவ்வகை உணவு அவருக்கு ஒத்துக்கொள்ளும், பயிற்சிக்கு வேண்டிய இடமும் கருவிகளும் ஆயத்தமா என்பன போன்ற கவலைகள் பல. என் பணிக்காலத்தில் இக்கவலைகளை நான் பலமுறை பட்டதுண்டு. ஓய்வு பெற்றபின் வரலாற்று நூல்களைப் படிக்க நேரம் வாய்த்தபோதுதான், அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று உண்டு என்பதை உணர்ந்தேன். வந்தவர் நமக்குக் கற்பித்தது என்ன என்று கணக்கிடுகிறோம். அவர் நம்மிடமிருந்து கற்றது என்ன, அதைச் சரியாகக் கற்றாரா என்று கேட்கிறோமா?

இக்கேள்விக்கு விடை தரும் நிகழ்ச்சி ஒன்று, 1917ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் கென்டக்கி மாநிலத்தில், ஒரு மலைப்பள்ளியில் நடந்தது. அதை விளங்கிக்கொள்ள, முதலில் சதுர நடனம் என்பது யாது என்று அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் நாட்டுப்புற ஆட்டங்களுள் சதுர நடனம் பெயர் பெற்றது. நான்கு இணைகள், அதாவது எட்டுப் பேர், சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் உள்நோக்கி நிற்பர். இசை தொடங்கும். ஆனால் அடுத்து எந்த அசைவை ஆடவேண்டும் என்பது ஆடுவோர்க்கு முன்கூட்டியே தெரியாது. அதைச் சொல்வதற்கென்றே ஒருவர் நிற்பார். அவரை அழைப்பாளர் என்று சொல்லலாம். 'கைகோத்து வட்டமிடுக, துணையைச் சுழற்றுக, எதிர் இணையிடம் செல்க' என்றவாறு, தாளம் தவறாமல், அசைவு தொடங்குவதற்குச் சிறிது முன்னரே அவர் குரல் கொடுப்பார். இடையிடையே எதுகை நயத்தோடு வேடிக்கைச் சொற்களையும் கோத்து வீசுவார். நம் கும்மியில் பாட்டும் அடவும் ஆடுவோர்க்கு முன்பே பழகியவை. இங்கோ, அழைப்பாளரின் நாவில்தான் ஆட்டம் இருக்கிறது. ஆகவே ஒருவரையொருவர் முன்பின் அறியாத எட்டுப் பேரும், அழைப்புச் சொற்களின் பொருளை மட்டும் அறிந்திருந்தால், உடனே சேர்ந்து ஆடிவிடலாம். இதுவே இந்த ஆட்டத்தின் பெருஞ்சிறப்பு.

இனி நம் விருந்தாசிரியரைப் பார்ப்போம். அவர் பெயர் செசில் ஷார்ப். 1859இல் இலண்டனில் பிறந்த இசையாசிரியர். 1899ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆக்ஸ்போர்டு நகரை அடுத்த ஹெடிங்டன் என்னும் ஊரில், மாரிஸ் என்னும் பழைய ஆட்டத்தைச் சிலர் ஆடக் கண்டார். அவர்களுக்குக் கான்சர்டினா என்னும் துருத்திக் கருவியை இசைத்தவர் வில்லியம் கிம்பர் என்ற கொத்தனார். கடுங்குளிரால் கட்டட வேலை நின்றுபோனமையால், நாலு காசு தேடி அவர்கள் அன்று ஆட வந்திருந்தனர். மறுநாளே ஷார்ப் கிம்பரை வரவழைத்து அந்த மெட்டுகளை எழுதிக்கொண்டார். ஒரு கொத்தனாரின் மாணவராகத்தான் அவர் இத்துறையில் தம் வாழ்வைத் தொடங்கினார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். 1911இல் ஆங்கில நாட்டுப்புற நடனக் கழகத்தை நிறுவி, அத்துறையில் ஆசிரியர்க்கெல்லாம் ஆசிரியராக உயர்ந்தார்.

முதல் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்தில் அவர் பணி தடைப்பட்டது. 1914ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு ஷேக்ஸ்பியர் நாடகத்துக்கு இசையும் நடனமும் அமைக்க நியூயார்க் சென்றார். அமெரிக்கர்கள் அவரை விருந்தினராக ஏற்று, ஆங்கில நடனங்களைக் கற்பிக்கும் வகுப்புகளை ஏற்பாடு செய்தனர். பாஸ்டன் நகரின் செல்வச் சீமாட்டியார் ஹெலன் ஸ்டாரோ அவர்களுள் முதன்மையானவர். 1915ஆம் ஆண்டுக் கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லிங்கன் என்னும் ஊரில் அந்த அம்மையாரின் இல்லத்தில் ஷார்ப் இடுப்புவலியால் படுத்திருந்தபோது, ஆலிவ் டேம் கேம்பெல் என்ற பெண்மணி அவரைக் காண வந்தார். தென்பகுதியிலுள்ள அப்பலேச்சிய மலைமக்களிடமிருந்து தாம் திரட்டிய பாடல்களை அவர் காட்டினார். ஷார்ப் வியந்துபோனார். தம் நாட்டில் மறைந்துகொண்டிருந்த பழம்பாடல்கள், கடல் கடந்த இம்மலைகளில் மக்கள் நாவில் உயிரோடிருந்தன.

1916 முதல் 1918 வரை, தம் உதவியாளர் மாட் கார்ப்பெலிசுடன், மொத்தம் 46 வாரங்கள் அவர் அம்மலைகளில் அலைந்தார். இழுப்பு நோயால் வருந்தியவர். வயதோ அறுபதை நெருங்கியது. பாதையில்லாத பள்ளத்தாக்குகளில் நடந்து, 281 பேர் பாடக் கேட்டு, 1,612 மெட்டுகளைப் பதிவு செய்தார். இவ்வுழைப்பை நாம் எப்போதும் போற்றவேண்டும்.

1917இல் அவர் கென்டக்கியின் ஹார்லன் வட்டாரத்திலிருந்த பைன் மவுண்டன் பள்ளிக்கு வந்தார். மலைமக்களின் பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்கென்று 1913இல் காதரின் பெட்டிட், எதெல் டி லாங் என்னும் இரு பெண்மணிகள் தொடங்கிய பள்ளி அது. வில்லியம் கிரீச் என்ற மலைநாட்டு முதியவர் அதற்குத் தம் நிலத்தை வழங்கினார்.

ஓர் இரவு, பள்ளியின் பெரிய வீடுகளில் ஒன்றன் தாழ்வாரத்தில் அவ்வூரார் ஆடினர். ஒரே ஒரு லாந்தர் விளக்கு மங்கலாக எரிந்தது. நிலவு விட்டுவிட்டு ஒளி வீசியது. இசைக்கருவி ஒன்றுமில்லை. பார்த்திருந்தோர் காலால் தரையைத் தட்டியும் கைகொட்டியும் தாளமிட்டனர். அழைப்பாளரின் சொற்கள் அத்தாளத்தின்மீது சவாரி செய்தன. ஒரு கணமும் நில்லாத அந்த ஆட்டத்தின் வேகத்தில் ஷார்ப் தம்மை மறந்தார். ஆங்கில நடனம் அனைத்தும் அறிந்த ஆசிரியர், தாம் அதுவரை அறியாத ஒன்றின்முன் மீண்டும் மாணவரானார். அவ்வாட்டத்துக்கு 'ரன்னிங் செட்' என்று பெயரிட்டு, அதன் அசைவுகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, 1918இல் தம் நாட்டுப்புற நடன நூல்வரிசையின் ஐந்தாம் பகுதியாக வெளியிட்டார். ஓர் இணை அடுத்த இணையிடம் சென்று ஓர் அசைவை ஆடி முடித்து, அதற்கடுத்த இணையிடம் செல்வதாகிய அதன் அமைப்பை, இன்றும் அந்நூலைக் கொண்டு ஆடிப் பார்க்கலாம். அத்துணைத் தெளிவாக எழுதினார்.

இதுவரை அவர் கண்டது. இனி, கண்டதைக்கொண்டு அவர் கருதியது யாது?

இங்கிலாந்தில் ஜான் பிளேஃபோர்டு என்பவர் 1651இல் நடன நூல் ஒன்றை அச்சிட்டார். அந்நூலிலுள்ள ஆட்டங்களில், அரங்குக்கும் துணைக்கும் மரியாதை காட்டும் அசைவுகள் உண்டு. மலையில் கண்ட ஆட்டத்தில் அவை இல்லை. ஆதலின் இது நாகரிக அரங்கின் மெருகு ஏறுவதற்கு முற்பட்ட, பிளேஃபோர்டுக்கும் மூத்த ஆங்கில ஆட்டம் என்று ஷார்ப் முடிவுகட்டினார். மலைமக்களின் முன்னோர் அதைக் கொண்டுவந்து, வெளியுலகத் தொடர்பின்றி அப்படியே காத்து வைத்தனர் என்றார்.

கேட்பதற்கு அழகான முடிவுதான். ஆனால் சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. அழைப்பாளர்களின் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். முதுகோடு முதுகு வைத்துச் சுற்றிவரும் அசைவை அமெரிக்கர் 'டோசிடோ' என்பர். அது 'டோ ஸா டோ' என்னும் பிரெஞ்சுத் தொடரின் திரிபு. பக்கவாட்டில் நழுவிச் செல்லும் 'சஷே' என்பதும் பிரெஞ்சுச் சொல்லே. துணையுடன் உலாவும் 'பிராமனேடு' என்பதும் அவ்வாறே. 'அலமாண்டு' என்பதற்கோ செர்மானிய ஆட்டம் என்பது மூலப்பொருள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சிலிருந்து பரவிய கொட்டியோன், குவாட்ரில் என்னும் நான்கிணை ஆட்டங்கள் இந்நடனத்தில் கலந்துள்ளன என்பதற்கு இச்சொற்களே சாட்சி.

அழைப்பாளர் வந்த கதை இன்னும் வியப்பானது. ஐரோப்பிய அரங்குகளில் ஆட்டம் முழுவதையும் நடன ஆசிரியரிடம் முன்பே பயின்று மனப்பாடம் செய்தே ஆடினர். ஆட்டத்தின் நடுவே குரல் கொடுத்து நடத்தும் முறை அமெரிக்க மண்ணில் வேரூன்றியது. அந்நாட்டின் தென்பகுதியில், வெள்ளையரின் நடன விருந்துகளில் பிடில் வாசித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அவர்களுள் பலர் அடிமைகள். பிடில் வாசித்துக்கொண்டே ஆட்டத்தின் அசைவுகளைக் குரலெடுத்துச் சொன்னவர்களும் அவர்களே. ஒருவர் முன்னே குரல் கொடுக்கப் பலர் அதற்கு மறுமொழியாக இயங்குவது ஆப்பிரிக்க இசைமரபோடு ஒத்தது. நடன அரங்கில் அழைக்கும் வழக்கம் இக்கறுப்பின இசைவாணர்களிடமிருந்தே தோன்றியது என்பதைப் பல பழைய குறிப்புகளைத் திரட்டி விளக்கியவர் பில் ஜேமிசன் என்னும் ஆய்வாளர். அவரும் ஓர் அழைப்பாளரே. அவர் நூல் 2015இல் வெளிவந்தது.

அப்படியாயின், பைன் மலையில் அந்த இரவு ஷார்ப்பின் உள்ளத்தை அள்ளிய அழைப்புக் குரலுக்குப் பின்னால், பெயர் எழுதப்படாத எத்தனையோ கறுப்பின இசைவாணர்களின் குரல் இருந்தது. அவர் காதில் அது விழவில்லை. ஏன்? அவர் ஆங்கிலேயரின் பழமையைத் தேடி வந்தவர். அவருக்குப் பாடிய 281 பேரும் ஏறத்தாழ முழுவதும் வெள்ளையர். அவருடைய நாட்குறிப்பில் கறுப்பின மக்களை இழித்துரைக்கும் சொற்களும் உள்ளன. தேடி வந்ததையே கண்டார். தேடாதது எதிரே நின்றும் தெரியவில்லை.

இது அறிஞரிடையே நிகழும் சிறு பூசல் அன்று. அவர் கருத்தின் விளைவு பள்ளிப் பிள்ளைகளின்மேல் விழுந்தது. 'இவர்கள் பழைய ஆங்கிலேயரின் வழித்தோன்றல்கள்' என்னும் எண்ணம் வலுப்பெறவே, மலைப்பள்ளிகளில் ஆங்கில நாட்டு ஆட்டங்களும் மாரிஸ் ஆட்டமும் பாடமாயின. வெளியிலிருந்து வந்தவற்றைத் தம் சொந்தப் பாரம்பரியம் என்று அப்பிள்ளைகள் பயின்றனர். டேவிட் விஸ்னண்ட் என்னும் வரலாற்றாசிரியர் 1983இல் எழுதிய நூலில் இதைக் கடுமையாக ஆராய்ந்திருக்கிறார்.

இதற்கு எதிராக, என் தொழிலைச் சேர்ந்த ஒருவரையும் சொல்லவேண்டும். கொலராடோ மாநிலத்தில் செயேன் மவுண்டன் பள்ளியை 1916 முதல் 1951 வரை நடத்தியவர் லாய்டு ஷா. அவரும் முதலில் தம் மாணவர்க்கு ஐரோப்பிய நாட்டுப்புற ஆட்டங்களையே கற்பித்தார். பின்னர்த் தம் ஊர்ப்புறத்து முதிய அழைப்பாளர்களிடம் சென்று, அவர்கள் சொற்களைக் கேட்டெழுதி, 1939இல் நூலாக்கினார். அதன்பின் கோடைதோறும் அவர் நடத்திய வகுப்புகளுக்குப் பல மாநிலங்களிலிருந்து ஆசிரியர்களும் அழைப்பாளர்களும் வந்து பயின்றனர். அழைப்பாளர்களின் சங்கமான காலர்லாப் தன் முதல் மாநாட்டை 1974இல் கூட்டியது. இன்று ஜப்பானிலும் செர்மனியிலும் சுவீடனிலும் இவ்வாட்டம் நடைபெறுகிறது. அழைப்புச் சொற்கள் எங்கும் ஆங்கிலமே. ஒரு நாட்டு அழைப்பாளர் மற்றொரு நாட்டில் விருந்தாசிரியராகச் சென்று பயிற்சி தருவதும் இதனால் எளிதாயிற்று.

மாணவர்களே, ஷார்ப்பைத் தூற்றுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவர் வந்திராவிடில் அந்த இரவின் ஆட்டம் ஏட்டில் ஏறியிராது. அவர் எழுதிவைத்த அசைவுகளை வைத்தே அவர் முடிவின் பிழையையும் நாம் ஆராய்கிறோம். வரலாறு படிப்போர் இரண்டு கட்டங்கள் வரைந்துகொள்ளவேண்டும். ஒன்றில் சான்றாளர் கண்டதை எழுதுக. மற்றொன்றில் அவர் கருதியதை எழுதுக. முன்னதை நன்றியோடு ஏற்கலாம். பின்னதைச் சோதித்தே ஏற்கவேண்டும்.

என் பிழை ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். ஆசிரியப் பயிற்சி முடித்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் சேர்ந்த முதலாண்டில், ஆண்டு விழாவுக்காகச் சிறுமியர் ஆடிய கும்மியைத் திருத்தப் புகுந்தேன். அவர்கள் கைகொட்டும் இடம் பயிற்சிப் புத்தகத்தில் உள்ளபடி இல்லை. எண்ணிக்கை சொல்லி, புத்தகத்தின்படி கொட்டவைத்தேன். ஆட்டம் ஒழுங்காயிற்று, ஆனால் பிள்ளைகளின் முகத்தில் மகிழ்ச்சி போயிற்று. பள்ளியைப் பெருக்கும் மூதாட்டி திண்ணையோரம் நின்று பார்த்திருந்தார். "ஐயா, பாட்டுக்குத்தானுங்க கை, கைக்காகப் பாட்டு இல்லீங்க" என்றார். அந்தச் சிறுமியர்க்கு அப்பாட்டைக் கற்பித்தவரே அவர்தான் என்பது விழா முடிந்த பின்னரே எனக்குத் தெரிந்தது. அவரை உட்காரவைத்து ஒருமுறை பாடச்சொல்லிக் கேட்டிருக்கலாம். அது அன்று எனக்குத் தோன்றவில்லை.