செனகலின் மொழிகளும் ஓர் எழுத்தின் வழக்கும்

மேற்கு ஆபிரிக்க நாடான செனகலில் வோலொவ், செரெர், பூலார், ஜோலா, மந்திங்கா, சொனின்கே முதலாய பல மொழிகள் வழங்குகின்றன. இத்தகைய நாடுகளில் ஐரோப்பிய மொழியொன்று மேலிருந்து ஆளாவிடின் ஒற்றுமை நிலவாது என்பது ஏகாதிபத்தியவாதிகளின் பழைய வாதம். சந்தையும் துறைமுகமும் அதனை எப்போதோ பொய்ப்பித்துவிட்டன. வோலொவ் இனத்தவர் நூற்றுக்கு 40 பேரளவினரே. ஆயினும் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் அம்மொழியைப் பேசுகின்றனர். எச்சட்டமும் அவர்களைப் பணிக்கவில்லை. செரெர் மக்களும் ஜோலா மக்களும் இரு சகோதரிகளின் வழிவந்தோர் என்பது ஐதிகம். அவ்வுறவின் பேரால் ஒருவரையொருவர் கேலிசெய்வர், கோபித்துக்கொள்வது மரபன்று.

1817 இல் சென் லூயி நகரிலே பள்ளி திறந்த ஜான் டார் என்னும் பிரெஞ்சு ஆசிரியர், மாணவர்க்கு முதலில் வோலொவிலேயே எழுத்தறிவித்தார். அந்நியராயினும் கற்பித்தலின் இயல்பை அறிந்தவர். பின்வந்த காலனியாட்சி அவ்வழியைக் கைவிட்டுப் பிரெஞ்சையே அறிவின் வாயிலாக்கிற்று. 1960 இல் சுதந்திரம் வந்தது, வாயில் மாறவில்லை. முதல் ஜனாதிபதி செங்கோர் செரெர் இனத்தவர், பிரெஞ்சு மொழிக் கவிஞர், இலக்கணத்தில் வல்லவர்.

துறைமுகத் தொழிலாளியாயிருந்து எழுத்தாளரானவர் செம்பேன் உஸ்மான். 1947-48 இல் நடந்த டக்கார்-நைஜர் புகையிரதத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை 1960 இல் நாவலாக்கினார். பிரெஞ்சில் எழுதிய அந்நாவலை அதன் நாயகர்களான தொழிலாளருட் பெரும்பாலோர் படிக்க இயலாது. எழுத்தாளனுக்கு இதனிலும் பெரிய தண்டனை உண்டோ? அவர் சினிமாவை நாடினார். 1968 இல் 'மண்டாபி' வோலொவிற் பேசிற்று. 1971 இல் வோலொவ் மொழிச் சஞ்சிகையொன்றையும் நண்பர்களுடன் தொடங்கினார்.

1977 இல் வந்த அவரது 'செட்டோ', வலிந்த மதமாற்றத்தை எதிர்க்கும் கிராமத்தவரின் கதை. அரசு அதனைத் தடைசெய்தது. காட்டிய காரணம் விந்தையானது: தலைப்பில் 'டி' என்னும் உரோம எழுத்து ஒன்றே இருக்க வேண்டுமென அரசின் எழுத்துமுறை விதித்திருக்க, செம்பேன் இரண்டு இட்டுவிட்டாராம்! மெய் இரட்டித்தால் பொருள் வேறாவது வோலொவுக்கும் உண்டு. 'படு'வையும் 'பட்டு'வையும் அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மதத்தலைவர்களின் மனக்கசப்புக்கு அஞ்சியதே உண்மைக் காரணம் எனப் பலர் கருதினர். நாமும் மறுக்கவில்லை. ஆயினும் மக்கள் மொழியை வகுப்பறைக்கு வெளியே நிறுத்திய ஓர் அரசு, அதன் எழுத்துக்கூட்டலுக்கு மட்டும் காவல் நின்றதை நம்மால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

2001 இன் அரசியலமைப்பு ஆறு மொழிகளைத் தேசிய மொழிகளெனப் பெயர் சுட்டிற்று. அரசகரும மொழியாகப் பிரெஞ்சையே வைத்தது. வோலொவின் பரவலும் எல்லோருக்கும் இனித்ததன்று. ஜோலா மக்கள் செறிந்து வாழும் தெற்குக் கசமான்சில் அது வடக்கிலிருந்து வந்த அதிகாரிகளின் மொழியாகவும் ஒலித்தது. 1982 இல் அங்கே பிரிவினைக் கிளர்ச்சி தொடங்கிற்று. செம்பேன் பிறந்த ஸிகிஞ்சோர் நகரும் அப்பிரதேசத்திலேயே உள்ளது.