கிட்டார் யாரோடது? – மெட்டல்காரர்களிடம் பேட்டி எடுப்பது பற்றி

போன மாசம் தூத்துக்குடி போயிருந்தப்ப, என்னோட பி.இ. படிச்ச நண்பன் ஒருத்தனை உட்கார வெச்சு ரெண்டு மணி நேரம் பேச்சைப் பதிவு பண்ணினேன். இப்போ அவனுக்குத் துறைமுகத்துல கண்டெய்னர் கணக்கு பார்க்கிற வேலை. 1990-களின் கடைசியில் எங்க கல்லூரி ராக் குழுவில் பாஸ் கிட்டார் வாசிச்சவன். கல்ச்சுரல்ஸ்ல மெட்டாலிகா, அயர்ன் மெய்டன் பாட்டுகளை வாசிப்பாங்க. சொந்தமாவும் நாலு பாட்டு போட்டாங்க. ஒண்ணுகூட ரெக்கார்டிங் ஆகலை. அதனாலதான் பேட்டி.

முதல் அரை மணி நேரம் சுத்த வீண்.

"எந்த வருசம் ஆரம்பிச்சீங்க?"
"தெரியாதுல."
"ஏன் மெட்டல்? வேற பாட்டே இல்லையா?"
"சும்மாதான். நல்லாருந்துச்சு."

நான் தயார் பண்ணிட்டுப் போன இருபது கேள்வியும் இப்படித்தான் போச்சு. சமூகப் பின்னணி, எதிர்ப்புணர்வு, உலகமயமாக்கல்னு பெரிய பெரிய கேள்விகள். டீ வந்தது. சும்மா பேச்சுவாக்குல, "அந்த பாஸ் கிட்டார் யாரோடதுல?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான், மடை திறந்துடுச்சு.

கிட்டார் அவன் கோயில் பாடகர் குழுவோடது. பனிமய மாதா திருவிழாவுக்குப் பயிற்சி எடுக்கறதாச் சொல்லி வாங்கிட்டு வந்திருக்கான். உப்புக்காத்துல கம்பி துருப்பிடிக்கும். புதுசு வாங்கக் காசு கிடையாது. கப்பல்ல வேலை பார்த்த மாமா வருசத்துக்கு ஒரு செட் கொண்டு வருவார். அது செத்த பிறகு கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வெச்சுக் காயப்போட்டா இன்னும் பத்து நாள் ஓடும். அம்மா அந்தப் பாத்திரத்தைத் தனியா வெச்சுட்டாங்களாம். "திருவிழாவுக்குள்ள திருப்பிக் குடுக்கணும். அப்ப இங்கிலாந்துல உலகக் கோப்பை முடிஞ்சு ஒன்றரை மாசம் இருக்கும்"னு சொன்னான். 1999! நான் நேரா கேட்டப்ப வராத வருசம், கிட்டார் வழியா வந்துடுச்சு. கடைசியில், "மாஸ்டர் இன்னும் இருக்காருல, அவர் பேரைப் போட்டுராத" என்றான். போடலை.

இந்தக் கிறுக்கு எனக்கு எங்கிருந்து பிடிச்சதுன்னு சொல்லணும். அதுக்குக் கொஞ்சம் சிங்கப்பூர் போகணும்.

ருத்ரா-ன்னு ஒரு குழு. 1992-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. பாடி பாஸ் வாசிக்கிற கதிர், டிரம்ஸ் சிவா, இப்படி நம்ம ஆட்கள். வாசிக்கிறது டெத் மெட்டல், அதாவது தொண்டையின் அடியிலிருந்து உறுமிப் பாடுற வகை. பாட்டு ஆங்கிலத்தில் இருக்கும், நடுவுல உபநிடதம், கீதையிலிருந்து சமஸ்கிருத வரிகள் வரும். தங்கள் இசைக்கு 'வேதிக் மெட்டல்'னு பேரே வெச்சுக்கிட்டாங்க. 1998-ல் முதல் ஆல்பம். 2005, 2009, 2011-ல் 'பிரம்மவித்யா' என்ற பேரில் மூணு ஆல்பங்கள் தொடராக வந்தன. உலகத்தின் பெரிய மேடைகளுக்கு ரொம்ப வெளியே இருந்துகிட்டே முப்பது வருசம் தாக்குப்பிடிச்ச குழு.

சிங்கப்பூரில் நாலு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒண்ணு. இந்தியர்கள் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே கச்சேரிகளில் ஒருத்தரை ஒருத்தர் இடிச்சு ஆடுற ஸ்லாம் டான்சுக்கே தடை போட்டாங்க. அந்த ஊர்ல ஒரு தமிழ்ப் பையன் நீளமா முடி வளர்த்து, சுலோகத்தை உறுமிப் பாடினா யாருக்குச் சந்தோஷம்? பக்திமான்களுக்கு அது அபசாரம். மெட்டல் ரசிகர்களுக்கு வேதாந்தம் புதிர். யூஜின் தைரியநாதன் என்ற சிங்கப்பூர் இசை ஆய்வாளர் இவங்களைப் பற்றி 2009-ல் ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். வேதிக் மெட்டலும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகமும் என்பதுதான் பொருள். அதைப் படிச்சப்பதான், இந்த இரைச்சலுக்குள்ளே இவ்வளவு வரலாறு இருக்கான்னு உறைச்சது.

ஆனா ஒரு முள் இருக்கு. ருத்ராவின் 2001 ஆல்பத்தின் பேர் 'தி ஆர்யன் குருசேட்'. தமிழ்நாட்டில் வளர்ந்த எவனுக்கும் அந்தத் தலைப்பைப் பார்த்ததும் சுருக்குன்னு இருக்கும். எனக்கும் இருந்துச்சு. 'உயர்ந்த பண்புள்ளவர்' என்ற பழைய சமஸ்கிருதப் பொருளில்தான் குழு அந்தச் சொல்லை எடுத்துக்கிட்டது, இன அர்த்தத்தில் இல்லை. விளக்கம் புரியுது. தலைப்பு எனக்கு இன்னும் பிடிக்கலை. ஒரு சொல் பட்ட அடியை அகராதி அழிச்சுடாது.

சரி, நாளைக்கே கதிரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைச்சா இதைத்தான் முதலில் கேட்பேனா? மாட்டேன். இத்தனை வருசத்தில் இதை எத்தனை பேர் கேட்டிருப்பாங்க! பதில் இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும். முதல் சுலோகத்தை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க, எந்த அறையில் பயிற்சி எடுத்தீங்க, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினாரா, வீட்டுல அம்மா என்ன சொன்னாங்க, இதெல்லாம் முதலில். தலைப்புக் கேள்வி கடைசியில். அப்போ வர்ற பதில் வேற மாதிரி இருக்கும்னு என் யூகம்.

இந்த இசைகளின் வரலாறு பேட்டிகளில்தான் கிடக்கு. பெரிய பத்திரிகைகள் கண்டுக்கலை. சிங்கப்பூரில் 1985-ல் 'பிக் ஓ' தொடங்கியது, அதுவும் ஜெராக்ஸ் பிரதியாகத்தான். இங்கே 1993-ல் அமித் சைகல் அலகாபாத்திலிருந்து 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' கொண்டு வந்தார். பம்பாயோ பெங்களூரோ இல்லை, அலகாபாத்! இந்திய ராக் குழுக்கள் ஒண்ணையொண்ணு தெரிஞ்சுக்கிட்டதே பாதி அந்தப் பத்திரிகை வழியாத்தான். அவர் 2012 ஜனவரியில் கோவாவில் இறந்துட்டார். அவர் தலைக்குள் இருந்த கதைகளில் அச்சில் வந்தது எவ்வளவு இருக்கும்? லாக் எழுதாத சர்வர் படுத்துட்டா என்ன பண்ணுவோம், அந்த நிலைமைதான்.

இருக்கிற பேட்டிகளிலும் நிறைய, "உங்களைப் பாதிச்ச குழுக்கள் எவை?" ரகம். சாம் டன் என்ற கனடாக்காரர், மானுடவியல் படிச்சவர், 2008-ல் 'குளோபல் மெட்டல்' என்ற ஆவணப்படத்துக்காக மும்பை வரைக்கும் வந்தார். நல்ல படம், பாருங்க. ஆனா ஒவ்வொரு நாட்டுக்கும் கொஞ்ச நேரம்தான். மதம், அரசியல்னு பெரிய கேள்விகளோட அடுத்த விமானம் ஏறிடறார். எனக்குப் பிடிச்ச மாதிரி 1996-ல் வந்த 'பிளீஸ் கில் மீ'. லெக்ஸ் மெக்நீலும் கில்லியன் மெக்கெய்னும் தொகுத்த நியூயார்க் பங்க் வரலாறு. முழுக்க முழுக்கப் பேசினவங்க குரல்தான். ஒருத்தர் சொன்னதை அடுத்தவர் மறுப்பார், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல அப்படியே விட்டுட்டாங்க. பங்க் பிடிக்காதவங்களும் படிக்கலாம்.

எங்க ஊர் விஷயம் ஒண்ணு. தூத்துக்குடிக் கடலில் கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். எத்தனை சிப்பி எடுத்தாங்க, எவ்வளவுக்கு ஏலம் போச்சுன்னு அரசாங்கக் கணக்கு பல காலத்துக்கு இருக்கு. ஜேம்ஸ் ஹார்னெல் மாதிரி அதிகாரிகள் பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. மூழ்கினவன் பேச்சு அதில் தேடித்தான் எடுக்கணும். எங்க தாத்தா தெருவில் முத்துக்குளிச்ச பெரியவர் ஒருத்தர் இருந்தார். பள்ளிக்கூடம் படிக்கும்போது அவர்கிட்ட நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "தாத்தா, பெரிய முத்து கிடைச்சுதா?" இல்லைன்னு தலையாட்டிட்டு பீடி பத்த வெச்சார். நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த வருசம் போய்ச் சேர்ந்துட்டார். நீங்க கீழே இருக்கும்போது மேலே கயிற்றைப் பிடிச்சிருந்தது யார்னு கேட்டிருக்கணும்.

நண்பன் பேட்டிக்கு வர்றேன். நாலு பாட்டில் ஒண்ணோட மெட்டு மட்டும் அன்னைக்கு ஞாபகம் வந்தது. நேத்து ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். நாற்பது நொடிக்கு வாயாலேயே பாஸ் வாசிச்சிருக்கான், பின்னாடி அவன் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறா. ரெண்டாவது பாட்டாம். மூணாவது டிரம்மருக்குத்தான் தெரியுமாம். அவர் துபாய்லயா தோஹாவிலயான்னு விசாரிச்சுட்டு இருக்கோம்.