ஐரோப்பாவுக்குக் காதல் பேசக் கற்பித்த பாஷை

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மேற்கு ஐரோப்பாவில் ஏடும் எழுத்தும் பெரும்பாலும் கிறிஸ்தவ மடாலயங்களின் வசம் இருந்தன. மடாலயத்தின் பாஷை லத்தீன். வயலிலும் அங்காடியிலும் அந்தப்புரத்திலும் ஜனங்கள் பேசிய பாஷைகள் பாமரர் பேச்சென்று ஒதுக்கப்பட்டு, கம்பீரமான விஷயம் எதற்கும் தகுதியற்றவை என்ற அபிப்பிராயத்துக்கு ஆளாகியிருந்தன. இந்த நிலை எவ்வாறு மாறிற்று என்பதற்கு இத்தாலிய மகாகவி தாந்தே, பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தாம் எழுதிய 'புது வாழ்வு' என்ற நூலில் ஒரு விளக்கம் தருகிறார். முதன்முதலில் தாய்மொழியில் கவி கட்டத் துணிந்தவன், லத்தீன் எளிதில் விளங்காத ஒரு பெண்மணிக்குத் தன் உள்ளம் விளங்க வேண்டுமென்ற ஆசையினாலேயே அவ்வாறு துணிந்தான் என்பதும், அத்தகைய கவிதை தம் காலத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இருந்ததில்லை என்பதும் அவர் கொள்கை. கால அளவை அவர் சற்றே குறைத்துக் கணக்கிட்டார் எனினும், காரணத்தைக் கூறுமிடத்தில் சரித்திரத்தின் நாடியைப் பிடித்துவிட்டார் என்றே சொல்லவேண்டும்.

அந்தத் துணிவு முதலில் பலித்த இடம் இன்றைய பிரான்சின் தென்பாதி. அங்கே வழங்கியது, பாரிஸைச் சுற்றி வழங்கிய வடபிரெஞ்சுக்கு உடன்பிறப்பாயினும் அதனினின்றும் வேறாகிய ஒக்ஸிதான் பாஷை. அரசனென்று ஒருவன் பாரிஸில் இருந்தானே ஒழிய, தெற்கே அவன் ஆணை செல்லவில்லை. தூலூஸ், நார்போன், மோன்பெலியே, லிமோஜ் முதலிய இடங்களைச் சார்ந்த கோமான்களும் கோட்டைத் தலைவர்களும் தத்தம் சபையின் சோபையாலும் கொடையாலும் கீர்த்தி தேடினர். பெண்கள் சொத்துக்கும், சில சமயம் ஆட்சிக்கும், உரியவர்களாகும் வழக்கமும் அங்கே இருந்தது. நார்போன் நகரை எர்மெங்கார்த் என்ற சீமாட்டி பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தானே ஆண்டு, கவிகளையும் ஆதரித்தாள். பாட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஸ்தானத்தில் ஒரு பெண் வீற்றிருக்கிறாள் என்றால், பாடுகிறவன் அவளுக்கு விளங்கும் பாஷையில், அவள் மதிக்கும் முறையில் பாடித்தானே ஆகவேண்டும்?

கிடைத்துள்ள பாடல்களில் மிகப் பழையவை அக்கித்தேன் நாட்டுப் பிரபுவாகிய ஒன்பதாம் கில்லெம் (1071–1126) இயற்றியவை. பிரெஞ்சு மன்னன் நேரடியாக ஆண்ட நிலத்தினும் விஸ்தாரமான நிலத்துக்கு அதிபதியாகிய இவர், 1101-இல் சிலுவைப் போருக்கென்று பெரும்படை நடத்திச் சென்று, அனத்தோலியாவில் அதனைப் பறிகொடுத்துத் திரும்பியவர்; திருச்சபையோடு பூசலிட்டு மதபஹிஷ்காரத்துக்கும் உள்ளானவர். அவர் பெயரால் வழங்கும் பதினொரு பாடல்களில் சில, போர்வீரர் குழாம் கூடிச் சிரிப்பதற்கென்றே செய்த ஆபாச விகடங்கள்; வேறு சிலவோ, காதலுற்றவன் பணிவும் பொறுமையும் இன்சொல்லும் பயிலவேண்டும் என்ற புதிய தர்மத்தை உபதேசிப்பவை. ஒரே மனிதரிடம் இவ்விரண்டும் இருந்தன என்பது, காதலைச் சொல்லும் நயமான முறை மனித சுபாவத்தில் தானே முளைத்ததன்று, முயன்று பயின்ற ஒரு வித்தை என்பதற்குத் தக்க சான்று.

அவ்வித்தையில் வல்லோர் துரூபதூர்கள் எனப்பட்டனர். பாட்டும் மெட்டும் கட்டுவது துரூபதூரின் பணி. அவற்றை மனப்பாடம் செய்து, கோட்டை கோட்டையாகச் சென்று பாடுவது ஜோக்ளார் என்ற பாடகனின் பிழைப்பு. நானூற்றுக்கு மேற்பட்ட கவிகளின் ஏறத்தாழ 2,500 பாடல்கள் இன்று எஞ்சியுள்ளன. மெட்டோ பத்தில் ஒரு பங்குக்குத்தான் அகப்பட்டுள்ளது. இக்கவிகளுள் அரகோன் மன்னன் இரண்டாம் அல்ஃபோன்ஸோவும் உண்டு. வெந்ததூர்க் கோட்டையில் அடுப்பு மூட்டிய ஏவலாளின் மகன் என்று பழைய சரிதக் குறிப்புக் கூறும் பெர்னார்ட்டும் உண்டு. பிரபு கில்லெமின் பேத்தியும், முதலில் பிரான்சுக்கும் பின்னர் இங்கிலாந்துக்கும் ராணியாக விளங்கியவளுமான எலினோரின் சபையில் அந்த ஏவலாள் மகன் மதிப்போடு பாடினான் என்றால், பிறப்பையே பெரிதாகக் கருதிய அக்காலச் சமூகத்தில் சொல்வன்மைக்குக் கிடைத்த சலுகை எத்தகையது என்பது புலனாகும்.

அவர்கள் வகுத்த மரபில் தலைவி பெரும்பாலும் வேறொருவன் மனைவி. பாடுகிறவனினும் அந்தஸ்தில் உயர்ந்தவள். ஆகையால் அவள் பெயரை வெளியிடாது புனைபெயரால் சுட்டுவது விதியாயிற்று. கோள் சொல்லுவோரும், பொறாமை கொண்ட கணவனும் பாட்டுதோறும் வந்துபோயினர். குறுநிலத் தலைவன் ஒருவன் தனக்கு மேற்பட்ட பிரபுவின் முன் மண்டியிட்டு, குவித்த கைகளை அவன் கைகளுக்கிடையே வைத்து விசுவாசப் பிரமாணம் செய்யும் அக்காலச் சடங்கு அப்படியே காதலுக்குப் பெயர்த்து வைக்கப்பட்டது. தலைவி எஜமானன் ஸ்தானத்தில் அமர்ந்தாள், காதலன் அவளுக்கு ஊழியம் செய்தான், ஊழியத்துக்குக் கூலியாக ஒரு புன்னகையை யாசித்தான். இரவில் கூடியவர்களைக் காவற்காரனின் குரல் விடியலில் பிரிக்கும் 'ஆல்பா' என்றொரு வகை, காதலின் நுட்பங்களைப் பற்றி இரு கவிகள் எதிரெதிரே வாதிடும் 'தென்ஸோ' என்றொரு வகை என்றெல்லாம் இலக்கணம் விரிந்தது. பிளாய் ஊர்த் தலைவன் ஜௌஃப்ரே ருதெல் தூரதேசத்துக் காதலியைப் பாடினான். கண்ணால் காணாத திரிப்பொலி நாட்டுச் சீமாட்டியின் புகழைக் கேட்டே காதலுற்று, கப்பலேறி, வழியில் நோயுற்று, அவள் கைகளிலேயே உயிர் நீத்தான் என்று அவனைப் பற்றிய சரிதக் குறிப்புக் கூறுவது பெரும்பாலும் அவன் பாட்டிலிருந்தே புனைந்த கதை. ஆயினும் கவியின் வாழ்க்கை கவிதைக்கு ஒப்ப இருந்திருக்கவேண்டுமென்று ரசிகர்கள் எவ்வளவு விரும்பினர் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

போற்றப்பட்ட பெண்களும் வாய் பேசாப் பிரதிமைகளாக இருந்துவிடவில்லை. ஏறத்தாழ இருபது பெண்கவிகளின் பெயர்கள் தெரியவந்துள்ளன. அவர்கள் பாடியவற்றுள் மெட்டோடு எஞ்சியிருப்பது தியா நாட்டுச் சீமாட்டியின் பாட்டு ஒன்றே. ஆண்கவிகள் தலைவியின் இரக்கமின்மையை நயமாகப் புலம்பிக்கொண்டிருக்க, இவளோ தன்னைப் புறக்கணித்த வீரனை நோக்கி, தன் அழகையும் குலத்தையும் அன்பின் உண்மையையும் எடுத்துரைத்து, நேருக்கு நேர் நியாயம் கேட்கிறாள்.

இந்த மரபு எங்கிருந்து வந்தது என்பதில் வித்வான்களுக்குள் விவாதம் ஓயவில்லை. பிரனீஸ் மலைக்கு அப்பால், இஸ்லாமியர் ஆண்ட அந்தலூசியாவில், கார்டோபா நகரத்து இப்னு ஹஸ்ம் 1022-ஐ ஒட்டி 'புறாவின் கழுத்தாரம்' என்ற காதல் சாஸ்திரத்தை அரபு பாஷையில் எழுதினார். அங்கே பாடப்பட்ட முவஷ்ஷஹ் என்னும் பாடல்கள் சிலவற்றின் இறுதியடிகள் ஸ்பெயின் நாட்டுப் பாமரர் பாஷையில், பெரும்பாலும் ஒரு பெண்ணின் குரலாக அமைந்திருப்பதை 1948-இல் சாமுவேல் ஸ்டெர்ன் என்ற ஆராய்ச்சியாளர் விளக்கிக் காட்டினார். பிரபு கில்லெமும் 1120-இல் குத்தந்தா போரில் அரகோன் மன்னனுக்குத் துணைநின்று ஸ்பெயினில் போரிட்டவர். ஆகவே அரபு இசை அவர் செவிக்கு எட்டியிருக்க முடியாது என்று சாதிக்க இடமில்லை. எட்டியதைக் கொண்டுதான் அவர் பாடினார் என்று சாதிக்கவும் நேரான ஆதாரம் இல்லை.

துரூபதூர்களை ஆதரித்த தென்னாட்டுச் சபைகளின் வாழ்வு நீடிக்கவில்லை. கதார் என்ற சமயப்பிரிவு தெற்கே வேரூன்றியிருந்ததை முகாந்தரமாகக் கொண்டு, போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசென்ட் ஏவிய சிலுவைப் போர், 1209-இல் பெஸியே நகரத்துப் படுகொலையோடு தொடங்கிற்று. 1213-இல் மூரே களத்தில் அரகோன் மன்னன் இரண்டாம் பெத்ரோ மாண்டான். 1229-இல் தூலூஸ் கோமான் பாரிஸ் உடன்படிக்கைக்குத் தலைவணங்கி, தன் மகளைப் பிரெஞ்சு மன்னனின் தம்பிக்கு மணம் பேசிக்கொடுத்தான். அப்போரை மும்முரமாக ஆதரித்த தூலூஸ் பிஷப் ஃபோல்கெத், இளமையில் மார்ஸேய் நகரத்து வணிகராகவும் பேர்பெற்ற காதற்கவியாகவும் இருந்தவர்! தங்களை ஆதரித்த கோமான்கள் நிலமிழந்தபின் கவிகள் பலர் வடஇத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் பெயர்ந்தனர். அவர்களுடைய பாடல்களைத் தொகுத்த ஏடுகளில் பெரும்பாலானவை இத்தாலியில் எழுதப்பட்டவை.

போருக்கு முன்பே பரவத் தொடங்கியிருந்த வித்தை இப்போது ஒவ்வொரு பாஷையிலும் தன் உருவை மாற்றிக்கொண்டது. ஜெர்மானிய நாட்டில் வால்டர் ஃபொன் டெர் ஃபோகல்வைடே, சீமாட்டிக்குச் செய்யும் ஊழியத்தைப் பாடியதோடு நில்லாது, அவளும் அன்புக்கு அன்பு செலுத்தவேண்டுமென்று வாதாடினார். போர்ச்சுக்கல் மன்னன் தினிஸ் (1261–1325) பாடியனவாக 137 பாடல்கள் உள்ளன. தோழியிடமோ தாயிடமோ ஓர் இளம்பெண் தன் பிரிவுத்துயரைச் சொல்லுவதாக ஆண்கவிகள் இயற்றும் வகை அங்கே தனிச்சிறப்புப் பெற்றது. சிசிலியில் சக்கரவர்த்தி இரண்டாம் ஃபிரெடரிக்கின் சபையில் நோட்டரி உத்தியோகம் பார்த்த ஜாக்கோமோ தா லென்தீனி பதினான்கடி 'ஸானெட்'டைப் படைத்தார். தாந்தே தம் மகாகாவியத்தில், ஆர்னோ தானியேல் என்ற துரூபதூரைச் சந்திக்கும் இடத்தில், இத்தாலியத்தை நிறுத்தி அவரை ஒக்ஸிதான் பாஷையிலேயே பேசவைத்தது, சிஷ்யன் குருவுக்குச் செலுத்திய வந்தனம். அதன்பின், 1327 ஏப்ரல் 6-ஆம் நாள் அவிஞோன் நகரத்துக் கோயிலில் லாரா என்ற பெண்ணைக் கண்டதாகக் கூறும் பெத்ரார்க், 366 கவிதைகள் கொண்ட தம் தொகுப்பால் அந்த மரபை ஐரோப்பா முழுமைக்கும் உரியதாக்கினார். பதினாறாம் நூற்றாண்டில் தாமஸ் வையட் அதனை ஆங்கிலத்துக்குக் கொணர்ந்தார். ஷேக்ஸ்பியரின் 154 ஸானெட்டுகள் 1609-இல் அச்சேறின.

குருவின் வீட்டு நிலை என்னவாயிற்று? 1323-இல் தூலூஸ் நகரத்தார் எழுவர் கூடிக் கவிச்சங்கம் ஒன்றை நிறுவி, சிறந்த கவிக்குப் பொன்னாற் செய்த வயலட் மலரைப் பரிசளிப்பதாக அறிவித்தனர். மறு ஆண்டு அப்பரிசைப் பெற்றது கன்னி மரியாளின் மீது பாடிய துதி. காதலை நேரே பாடுவதற்கு அஞ்சும் காலம் வந்துவிட்டது என்பதற்கு இதனினும் வேறு அறிகுறி வேண்டுவதில்லை. 1539-இல் வில்லேர்-கோத்ரே ஆக்ஞை அரசாங்கப் பத்திரங்கள் யாவும் பிரெஞ்சிலேயே இருக்கவேண்டுமென்று விதித்தது. அப்போதும் குடியானவர் வீடுகளில் பழைய பாஷை குறைவின்றி வழங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டாயக் கல்வி வந்தபின்தான், பள்ளிக்கூடத்தில் அப்பாஷையை உச்சரித்த சிறுவன் தண்டிக்கப்பட்டு, அது கல்லாதவர் கொச்சை என்ற எண்ணம் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

அதற்குச் சற்று முன்னரே, ஃபிரெதெரிக் மிஸ்த்ரால் தம் நண்பர்களோடு 1854-இல் ஃபெலிப்ரிஜ் என்ற மறுமலர்ச்சிச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். 1859-இல் அவர் வெளியிட்ட 'மிரேயோ', கூடை முடைபவன் மகனுக்கும் செல்வக் குடியானவன் மகளுக்கும் இடையே எழுந்த காதலைப் பாடும் காவியம். கோட்டைச் சீமாட்டிகளை விட்டு, அந்தப் பாஷையை உண்மையில் பேசிக்கொண்டிருந்த ஜனங்களிடம் கவிதை வந்துசேர்ந்தது. 1904-இல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. அப்பாஷையைப் பள்ளிகளில் விருப்பப் பாடமாகவேனும் கற்பிக்க அனுமதிக்கும் சட்டமோ 1951-இல்தான் பிறந்தது. போரிலே தோற்று, அரசிழந்து, ஆறு நூற்றாண்டுக்கு மேல் அசையாது நின்ற பாஷை, தம் பிள்ளைகளிடம் அதைப் பேசத் தாய்மார் நாணத் தொடங்கிய இரண்டொரு தலைமுறைக்குள் தேய்ந்தது. உலகத்துக் காதலரெல்லாம் அதற்குப் பட்ட கடன் அந்த நாணத்தைப் போக்கப் போதுமானதாக இல்லை.