பால்மரக் காட்டுப் படை – 9: சைக்கிளும் துப்பாக்கியும்

போன வாரம் நாதனைப் போலீஸ் பிடித்த இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

1941 மே மாதத் தொடக்கம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் கைதானார் என்ற செய்தி லயம் லயமாகப் பரவியது. தணிந்திருந்த வேலைநிறுத்தம் மறுபடி மூண்டது. பிரட்டுக்கு ஆள் வரவில்லை. காண்டாக் கம்புகள் லயத்துச் சுவரில் சாய்ந்தே கிடந்தன.

அவர்கள் கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு. கள்ளுக்கடையை மூடுவது. பெண்களிடம் துரைமாரும் கிராணிமாரும் வாலாட்டாமல் இருப்பது. கூடவே இன்னொன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒருவர் சைக்கிள் வாங்குகிறார். செம்மண் சாலையில் துரையின் தொப்பி தெரிந்ததும் இறங்க வேண்டும். ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். துரை கடந்த பிறகுதான் மிதிக்கலாம். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்.

சிலாங்கூர் தோட்டங்களுக்குள் தேசியம் புகுந்த வாசல் இதுதான். 1936-ல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் பிறந்தது. 1937-ல் நேரு வந்து போனார். வேலைநிறுத்தக்காரர்கள் காந்திக் குல்லாய் போட்டார்கள், காங்கிரஸ் கொடி ஏற்றினார்கள். யாரையும் கொல்லும் நினைப்பு அதில் இல்லை. தலை நிமிர்ந்து சைக்கிள் மிதிக்கும் ஆசை இருந்தது. துரைத்தனமோ அதைக் கலகமாகவே கண்டது. மே 16-ல் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

தேசியம் போரில் கொண்டுபோய் விடும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கிள்ளானில் முதல் குண்டு எந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்தது என்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சைத் தொடங்குவதே நியாயம்.

போர் வேறு திசையிலிருந்து வந்தது. டிசம்பர் 8-ல் ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினார்கள். 1942 ஜனவரித் தொடக்கத்தில் கோலசிலாங்கூர்க் கடலில் அவர்களது படகுகள் தென்பட்டன. ஜனவரி 7-ல் ஸ்லிம் ரிவரில் பிரிட்டிஷ் அணி உடைந்தது. அங்கிருந்து தெற்கே ரவாங்கைத் தாண்டினால் கோலாலம்பூர். 11-ஆம் தேதி அதுவும் விழுந்தது. துரைமார் ஓடிப்போனார்கள். மலாயாவின் சாலைகளில் ஜப்பானியச் சிப்பாய்கள் சாரிசாரியாகச் சைக்கிளில் வந்தார்கள்.

1943 ஜூலை 2-ல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் நடந்ததை இந்தத் தொடரின் வாசகர்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயிலாகவே கேட்டிருப்பார்கள். கோலாலம்பூரில் அவர் பேச்சைக் கேட்ட பதின்வயதுப் பெண் ஜானகி, காதிலிருந்த வைரத்தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜான்சி ராணிப் படைக்குப் போனார். பால் வெட்டிய கைகள் துப்பாக்கி பிடிக்கப் பழகின. போஸின் படையில் லயத்துப் பையன் பஞ்சாபிச் சிப்பாயோடு ஒரே பந்தியில் சாப்பிட்டான். நேற்றுவரை ‘கூலி’ என்று கூப்பிடப்பட்டவன் அவன். அந்த மரியாதையை நான் சின்னதாக எண்ண மாட்டேன்.

ஆனால் அதே மாதங்களில், அதே லயங்களிலிருந்து, ஜப்பானியரின் ரயில் பாதை வேலைக்காகச் சயாமுக்கும் ஆள் போய்க்கொண்டிருந்தது. சிலர் ஆசை காட்டி ஏற்றப்பட்டார்கள், சிலர் வளைத்துப் பிடிக்கப்பட்டார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சயாமுக்குத் தப்பவே படையில் பெயர் கொடுத்தவர்களும் உண்டு. 1943 அக்டோபர் 17-ல் 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தன. நாலே நாள் கழித்து, அக்டோபர் 21-ல், சிங்கப்பூர் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு பிரகடனம் செய்யப்பட்டது. 23-ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் அது பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தது.

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. டில்லிக்குப் போக ஜப்பானின் தோள் வேண்டியிருந்தது. ஜப்பானின் மற்றொரு கை தண்டவாளத்தடியில் தமிழனைப் புதைத்துக்கொண்டிருந்தது. தேசியம் இந்தப் போரை மூட்டவில்லை. போரோடு கூட்டுச் சேர்ந்த பிறகு, தன் சனத்தின் சாவைத் தடுக்கும் பலம் அதற்கு இல்லாமல் போயிற்று. இந்தக் கணக்கை நேதாஜி மீதுள்ள பக்தியால் அழிக்க முடியாது.

1944-ல் இம்பால் படையெடுப்பு தோற்றது. 1945-ல் ஜப்பான் பணிந்தது. படை கலைந்தது. சீருடையைக் கழற்றினாலும் பழைய கூலியாகத் திரும்ப மனம் ஒப்பாதவர்கள் பலர். அவர்களில் ஒருவர் தஞ்சைச் சீமையிலிருந்து வந்தவர், படையில் பயிற்சி கொடுத்தவர். பெயர் கணபதி. போருக்குப் பின் மலாயா முழுமைக்குமான தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். கிள்ளானில் 1941-ல் கேட்ட கேள்விகளையே மறுபடி எடுத்தார். 1948 ஜூனில் சம்மேளனம் தடை செய்யப்பட்டது. மறுபடியும் அவசரநிலை. ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு.

1949 மார்ச். ரவாங் பக்கம், வாட்டர்ஃபால் தோட்டம். போலீஸ் கணபதியை மடக்குகிறது. அவரிடம் ஒரு ரிவால்வர், ஆறு தோட்டாக்கள் என்று வழக்கு எழுதப்படுகிறது. டில்லியில் பிரதமராக இருப்பவர் 1937-ல் இந்தத் தோட்டக்காரர்களைப் பார்த்துப் போன அதே நேரு. மலாயாவில் அவரது அரசின் பிரதிநிதி ஜான் திவி, நேதாஜியின் பின்னால் நின்ற பழைய தோழர். லண்டனுக்குத் தந்திகள் பறக்கின்றன. நாதனைக் கப்பலேற்றிய அரசு, கணபதியை என்ன செய்யப்போகிறது?

(அடுத்த வாரம்: புடு சிறை)