பரங்கிமலையும் பீரூனியின் முழமும்

மண்ணில் ஓரிடத்தில் நின்றபடியே இந்நிலவுலகின் பருமனை அளந்துவிட இயலுமா? ஒரு மலையும் ஒரு கோணமானியும் போதும் என ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே விடை கண்டவர் அபூரைஹான் அல்பீரூனி (ரஹ்). கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்த அப்பேரறிஞர், கஸ்னவி ஆட்சிக் காலத்தில் பஞ்சாபின் நந்தனாக் கோட்டையில் தங்கியிருந்தபோது இவ்வளவையைச் செய்தார்.

அவர் முதலில் மலையின் உயரத்தைக் கணித்தார். அது ஏறத்தாழ 652 முழம். பின்னர் உச்சியில் நின்று, அடிவானம் கிடைக்கோட்டிலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என நோக்கினார். தாழ்வுக் கோணம் 34 கலை. ஒரு பாகைக்கு 60 கலைகள். மலையுச்சி, அடிவானப் புள்ளி, பூமியின் மையம் ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணமாக அமைகின்றன. எனவே உயரமும் கோணமும் தெரிந்தால் பூமியின் ஆரம் கணக்கில் வந்துவிடும். இம்முறையின் எளிமையே அதன் அழகு.

இதனை எடுத்துரைக்கும் நம்மவர் பலர், பீரூனியின் விடை இன்றைய அளவோடு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலாகப் பொருந்துகிறது என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. இக்கூற்றை நாம் சற்று நின்று ஆராய வேண்டும். பீரூனி அளந்தது முழத்தில். இன்றைய அளவோ கிலோமீட்டரில். அவருடைய முழம் இன்றைய கணக்கில் எவ்வளவு என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. முழத்தின் நீளத்தைச் சிறிது கூட்டியோ குறைத்தோ கொண்டால் விடையும் உடன் மாறும். அளவுகோலே உறுதிப்படாதபோது, துல்லியத்தை மட்டும் உறுதியாகக் கூறுவது எங்ஙனம்?

மற்றொரு தடையும் உண்டு. அதனை நம் பரங்கிமலையைக் கொண்டே விளக்கலாம். தாம்பரம் மின்தொடர் வண்டியில் செல்வோர் நாள்தோறும் காணும் அக்குன்று ஏறத்தாழ 300 அடி உயரமுடையது. அதன் உச்சியிலிருந்து கிழக்கே வங்கக் கடலை நோக்கினால், கணக்கின்படி அடிவானம் 18 கலை அளவே தாழ்ந்திருக்கும். இது முழுநிலவின் விட்டத்தில் பாதியைவிடச் சற்று மிகுதி, அவ்வளவே. இக்கோணத்தில் ஒரே ஒரு கலை பிழைத்தாலும் பூமியின் ஆரம் 700 கிலோமீட்டர் அளவுக்குப் பிழைத்துவிடும். நந்தனாவின் மலை இதனினும் உயர்ந்ததாயினும் அங்கும் ஒரு கலைப் பிழை ஆரத்தை நூற்றுக்கு ஆறு பங்கு மாற்றும். இதற்கிடையே காற்றில் ஒளி வளைவதால் அடிவானம் இருக்குமிடத்தைவிட உயர்ந்து தோன்றும். அவ்வளைவோ வெப்பத்துக்கேற்ப வேளைக்கு வேளை மாறுவது.

பீரூனியும் தம் விடையைப் பெருமையாகப் பறைசாற்றவில்லை. கலீஃபா மஃமூன் காலத்து (813–833) அறிஞர்கள் ஸின்ஜார் சமவெளியில் நிலத்தை நேரே அளந்து, ஒரு பாகைக்கு 56⅔ அரபு மைல் எனக் கண்டிருந்தனர். பீரூனிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 56 மைல். முன்னோரின் கருவிகள் நுட்பமானவை, அவர்தம் உழைப்பு மிகுதியானது என்று கூறி, அவர்களின் அளவையே அவர் ஏற்றுக்கொண்டார். இந்த அடக்கத்தை நாம் எடுத்துச் சொல்வது அரிது.

நிலத்தை நேரே அளக்கும் அவ்வழி, பிற்காலத்தில் இந்தப் பரங்கிமலை அடிவாரத்திலேயே மீண்டும் மேற்கொள்ளப்பட்டது. திப்பு சுல்தான் ஷஹீதான 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டினப் போரில் ஆங்கிலேயர் தரப்பில் நின்ற வில்லியம் லாம்ப்டன், 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கும் தெற்கே பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 7½ மைல் நீளக் கோடொன்றை அளக்கத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து அளந்தார். 10 பாகை செல்சியஸ் வெப்பம் கூடினால் அக்கோட்டின் அளவில் ஒரு மீட்டருக்கும் மேலாக வேறுபாடு நேரும் என்பதே அக்கவனத்தின் காரணம். அவர் தொடங்கிய பெரும் வில் அளவையை, 1823இல் அவர் இறந்தபின் ஜார்ஜ் எவரெஸ்ட் 1841இல் இமயத்தின் அடிவாரத்தில் முடித்தார்.

அப்பணியின் கருவிகளைச் செப்பனிட்டுக் காத்தவருள் ஒருவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையித் மீர் முஹ்சின் ஹுஸைன். சென்னையில் ஒரு கடையில் தொழில் செய்த அவர், 1820களில் கல்கத்தா நில அளவை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அவருடைய கைத்திறனை எவரெஸ்ட் மனமாரப் புகழ்ந்தார். ஹென்றி பாரோ என்னும் ஆங்கிலேயர் வகித்த கணிதக் கருவி வினைஞர் பதவி 1843இல் அவருக்கு வந்தது. பேரரசின் தேவைக்காக நடந்த பணிதான் அது. எனினும் அதன் நுட்பத்தில் நம் மண்ணின் முஸ்லிம் ஒருவருடைய உழைப்பு இருந்தது என்பது ஆவணம் சொல்லும் உண்மை. அவர் பெயரை நம் மேடைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் ஸனதைக் கேட்பது ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த ஒழுங்கு. முன்னோர் புகழுக்கும் அவ்வொழுங்கு பொருந்த வேண்டும். மெய்ப்பிக்க இயலாத ஒரு விழுக்காட்டைச் சொல்லிப் பழகிய இளைஞன், பிறரால் அது மறுக்கப்படும் நாளில் பீரூனியின் உண்மையான சிறப்பையும் சேர்த்தே ஐயுறுவான். அளவில் மோசடி செய்வோரைத் திருமறையின் 83ஆம் அத்தியாயம் கடுமையாக எச்சரிக்கிறது. தராசு கடைவீதிக்கு மட்டும் உரியதன்று. வரலாறு எழுதுவோர் கையிலும் அது நேராக நிற்க வேண்டும். பீரூனியின் முறையையும் அடக்கத்தையும் முஹ்சின் ஹுஸைனின் கைத்திறனையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். மிகையின் துணையின்றியே அவை நிற்கும்.